பதறும் உள்ளமும் படிக்கும் கணனியும்

நீங்கள் ஒரு நாற்காலியில் கண்களை மூடி அமர்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் தலையில் சிலந்தியின் கால்களைப் போன்ற ஒரு கருவி மாட்டப்பட்டிருக்கிறது. அதன் 14 முனைகள் உங்கள் தலைத்தோலைத் தொட்டுக் கொண்டிருக்கின்றன. எதிரே அமர்ந்திருக்கும் உளவியல் சிகிச்சையாளர் மெதுவான குரலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். உங்களுக்கு மிக நெருங்கிய ஒருவர் மௌத்தாகி விட்டார். அல்லது, கடன் கழுத்தை நெரிக்கிறது. கொடுக்க வேண்டிய தவணை நெருங்கி விட்டது. அல்லது, உங்கள் கண்ணெதிரிலேயே வீதியில் ஒரு விபத்து. ஓர் உயிர் போய்விட்டது. அவர் சொல்லி முடித்ததும் அதனை நீங்கள் மனதுக்குள் மீட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் வாய் திறக்கவில்லை. கை கால் அசைக்கவில்லை. ஆனால் உங்கள் மூளையிலிருந்து எழும் மின்னலைகளைக் கருவி பதிவு செய்து கொண்டேயிருக்கிறது.

இது கற்பனைக் கதையன்று. தூனிஸியாவின் ஸபாக்கிஸ் நகரில், உலக வரைபடங்களில் ஸ்பாக்ஸ் என்று குறிக்கப்படும் அதே ஊரில், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 பேரை அமர்த்தி நடத்திய பரிசோதனை. 13 பெண்கள், 10 ஆண்கள். இதன் பதிவுகளை அவர்கள் 2019 இல் வெளியிட்டார்கள். மூளையின் மின்னலைகளை மட்டும் பார்த்து, இந்த மனிதர் இப்போது பதற்றத்தில் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு கணனிக்குச் சொல்ல முடியுமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி.

நமது நாட்டு உளநல வைத்தியர்கள் இந்த நிலையைப் பதகளிப்பு என்று எழுதுவார்கள். நமது உம்மாமார் "நெஞ்சு படபடக்குது" என்று சொல்லி விடுவார்கள். பெயர் எதுவானாலும் விடயம் சிறியதன்று. 2019 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 30 கோடிப் பேர் பதகளிப்பு நோய்களால் பீடிக்கப்பட்டிருந்தார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. சிகிச்சை தேவைப்படுவோரில் நான்கில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்றும் அதே அமைப்பு கூறுகிறது. மீதி மூவரில் எத்தனை பேர் தமக்கு இருப்பது ஒரு நோய் என்பதையே அறியாமல் வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஆராய்ச்சியை நான் ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பயத்தில் பிறந்த கருவி

மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்பதை மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்து காட்டியவர் ஜெர்மனியின் ஜேனா நகரில் வாழ்ந்த ஹான்ஸ் பேர்கர் என்ற வைத்தியர். ஆண்டு 1924. தன் கண்களையே நம்ப முடியாமல் ஐந்து வருடங்கள் திரும்பத் திரும்பச் சோதித்து, 1929 இல்தான் அதனை வெளியிட்டார்.

அவர் இதில் இறங்கிய கதை வேடிக்கையானது. இளம் வயதில் இராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்கும் தறுவாயில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது. தூரத்தில் இருந்த அவருடைய சகோதரிக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனதில் பட்டதாம். தன்னுடைய பயம்தான் ஏதோ ஒரு வழியில் சகோதரியின் மூளையைச் சென்றடைந்தது என்று பேர்கர் நம்பினார். அந்தச் சக்தியைத் தேடித்தான் அவர் மூளைக்குள் போனார். தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது விநாடிக்குப் பத்துத் தடவை அளவில் ஏறி இறங்கும் ஓர் அலை. கண்ணைத் திறந்தால் அது மங்கி விடுகிறது. இன்றும் அதனை அல்பா அலை என்றே அழைக்கிறார்கள்.

இந்த மின்சாரம் எவ்வளவு நுண்ணியது தெரியுமா? டோர்ச் பற்றரி ஒன்றின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். தலைத்தோலில் கிடைப்பது அதில் சுமார் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அலைகளும் பல வகை. ஆழ்ந்த உறக்கத்தில் விநாடிக்கு நான்குக்கும் குறைவாகத் துடிக்கும் டெல்ற்றா, 4 முதல் 8 வரை தீற்றா, 8 முதல் 13 வரை அல்பா, விழிப்பிலும் யோசனையிலும் 13 முதல் 30 வரை பீற்றா, அதற்கும் மேலே காமா. ஸபாக்கிஸில் பயன்பட்ட கருவி 14 முனைகளில் ஒவ்வொன்றிலிருந்தும் விநாடிக்கு 128 அளவீடுகளை எடுக்கிறது. ஒரு விநாடிக்கு 1792 இலக்கங்கள்! எந்த வைத்தியரின் கண்ணாலும் இதனைப் படித்து முடிக்க இயலாது. இங்கேதான் இயந்திரக் கற்றல் வருகிறது.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் குர்ஆன் மத்ரஸாவைத்தான் காட்டுவேன். சின்னப் பிள்ளைக்கு நாம் 'பே'யையும் 'தே'யையும் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்? இலக்கணம் விளக்குவதில்லை. "இது பே, இது தே" என்று பலமுறை தொட்டுக் காட்டுகிறோம். நூறு தடவை கண்ட பிள்ளை நூற்றியோராவது தடவை, முன்பு காணாத ஓர் எழுத்தையும் தானாக வாசித்து விடுகிறது. கணனியும் அவ்வாறே. பதற்றத்தில் இருந்த நேரத்து அலைகளைக் கொடுத்து "இது பதற்றம்" என்கிறார்கள்; அமைதியாக இருந்த நேரத்து அலைகளைக் கொடுத்து "இது அமைதி" என்கிறார்கள். எந்த முனையில், எந்த அலை, எவ்வளவு கூடினால் எது என்பதை அது தானே கண்டுபிடித்துக் கொள்கிறது.

இப்போது ஒரு கேள்வி. அந்த நேரத்தில் அவர் பதற்றமாக இருந்தார் என்று ஆய்வாளருக்கு யார் சொன்னது?

வாசகர்களே, இதனை நிதானமாகக் கவனியுங்கள். சொன்னவர் அந்த மனிதரேதான். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் வரிசையாக வரையப்பட்ட சிறு மனித உருவங்களை அவரிடம் காட்டி, "உமது நிலைக்குப் பொருந்துவது எது?" என்று கேட்டார்கள். அத்துடன் மெக்ஸ் ஹமில்டன் என்ற உளவியல் வைத்தியர் 1959 இல் தயாரித்த 14 அம்ச வினாக்கொத்தும் பயன்பட்டது. ஆக, கணனியின் உஸ்தாத் ஓர் இயந்திரமன்று. "எனக்குப் பயமாக இருந்தது" என்று வாய் திறந்து சொன்ன ஒரு மனிதர். அவர் பொய் சொல்லியிருந்தால் கணனியும் பொய்யையே கற்றிருக்கும். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லியிருந்தால் குறைத்தே கற்றிருக்கும். மனிதனைக் கேட்காமலே மனிதனை அறியும் கருவி என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தாண்டிப் போய் விடுகிறார்கள்.

நூற்றுக்கு எண்பத்து மூன்று

ஸபாக்கிஸ் ஆய்வாளர்களின் கணனி, பதற்றம் உண்டா இல்லையா என்று இரண்டாகப் பிரிப்பதில் நூற்றுக்கு 83 அளவுக்குச் சரியாகச் சொன்னது. பதற்றத்தை நான்கு படிகளாகப் பிரிக்கச் சொன்னபோது அது 75 அளவுக்கு இறங்கியது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே இரண்டில் ஒன்று ஐம்பது சரியாக வரும் என்பதையும் மறந்து விடக் கூடாது. இருந்தாலும் இது பாராட்டத்தக்க முயற்சியே. சோதித்த பதிவுகளைப் பூட்டி வைக்காமல் உலகத்தார் அனைவரும் எடுத்து ஆராயும்படி திறந்து வைத்த அவர்களுடைய பண்பை நான் இன்னும் அதிகமாகப் பாராட்டுகிறேன்.

ஆனால் 83 என்றால் வீட்டுப் பாவனைக்கு என்ன அர்த்தம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 மாணவர்கள் படிக்கும் ஒரு பாடசாலை. அவர்களில் உண்மையாகவே கடும் பதகளிப்பில் இருப்பவர்கள் 50 பேர் என்று வைத்துக் கொள்வோம். கருவியை எல்லோருக்கும் மாட்டுகிறோம். 50 பேரில் 41 அல்லது 42 பேரை அது பிடித்து விடும். நல்லது. மீதி 950 பேரில் நூற்றுக்குப் பதினேழு தவறும்; அதாவது 160 பிள்ளைகளுக்கு மேல், ஒன்றுமில்லாதவர்களாக இருந்தும் "பதகளிப்பு" என்று முத்திரை குத்தப்படும். கருவி சுட்டிக் காட்டிய ஐவரில் ஒருவருக்குத்தான் நோய். மற்ற நான்கு பிள்ளைகளின் உம்மாமாரை யார் சமாதானப்படுத்துவது?

வேறு சிக்கல்களும் உள்ளன. நமது ஹிப்ழு மாணவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கண்டிருப்பீர்கள். ஒரே முஸ்ஹபில் மனனம் செய்தவனுக்கு ஆயத்து பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே மனனமாகி விடும். வேறு பதிப்பு முஸ்ஹபைக் கையில் கொடுத்தால் தடுமாறுவான். கணனிக்கும் இதே வியாதி உண்டு. ஒருவருடைய பதிவைத் துண்டு துண்டாக்கி, சில துண்டுகளில் கற்பித்து, அவருடைய வேறு துண்டுகளிலேயே பரீட்சை வைத்தால் புள்ளிகள் அள்ளி வரும். அது பதற்றத்தைக் கற்றதா அல்லது அந்த மனிதரைத்தான் மனனம் செய்து கொண்டதா என்பது தெரியாது. முன்பின் காணாத ஒருவரைக் கொண்டு வந்து உட்கார வைத்தால் புள்ளிகள் சரிந்து விடுகின்றன. ஆகவே, எங்கேனும் நூற்றுக்கு 95, 98 என்று செய்தி படித்தால், பரீட்சை யாரை வைத்து நடத்தப்பட்டது என்று கேளுங்கள்.

இன்னொன்று, பல்லைக் கடித்தால், நெற்றியைச் சுருக்கினால், கண்ணை இமைத்தால் அந்தத் தசைகளிலிருந்து எழும் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை விடப் பலமாகப் பதிவாகும். பயந்தவன் பல்லைக் கடிப்பான் அல்லவா? கருவி மூளையைப் படிப்பதாக நாம் நினைத்துக் கொண்டிருக்க, அது தாடையைப் படித்துக் கொண்டிருக்கவும் கூடும். நல்ல ஆய்வாளர்கள் இதனை வடிகட்டுவதற்குப் பெரும் பாடுபடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டு வந்து தரும் கைக்கடிகாரங்களில் "உமது மனஅழுத்தம் இவ்வளவு" என்று காட்டுபவை உண்டு. அவை மூளையைத் தொடுவதேயில்லை. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி நாடித் துடிப்புகளின் இடைவெளியை அளந்து சொல்கின்றன. மாடிப்படி ஏறினாலும் நாடி மாறும். தேயிலை குடித்தாலும் மாறும். அதைப் பார்த்துப் பார்த்தே பதற்றம் கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

மூளையின் ஆழத்தில்

தலைத்தோலுக்கு வெளியே நின்று கேட்பது பூட்டிய மண்டபத்தின் வெளிச்சுவரில் காதை வைத்துக் கேட்பது போல. உள்ளே ஆரவாரம் என்று தெரியும். யார் என்ன பேசுகிறார் என்று தெரியாது. பயத்தோடு நெருங்கிய தொடர்புள்ள ஓர் உறுப்பு மூளையின் ஆழத்தில், காதுகளுக்கு நேர் உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. பாதாம் பருப்பின் வடிவம். அதனால் அரபியில் 'லவ்ஸா' என்றும் மேல்நாட்டு மொழிகளில் 'அமிக்டலா' என்றும் பெயர் பெற்றது. இரண்டுக்கும் பாதாம் என்றே பொருள்.

இந்த உறுப்பு இரு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண்மணி அமெரிக்காவில் வாழ்ந்தார். ஆய்வு நூல்களில் எஸ்.எம். என்ற இரண்டெழுத்துக்களால் மட்டும் குறிப்பிடுவார்கள். பாம்பைக் கையில் எடுத்தார்; பயமில்லை. திகில் படம் காட்டினார்கள், பயமில்லை. பயத்தின் இருப்பிடம் இதுதான் என்று எல்லோரும் முடிவு செய்திருந்த வேளையில், கரியமில வாயு கலந்த காற்றை ஒரேயொரு மூச்சு சுவாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்மணி பீதியில் அலறி, முகமூடியைப் பிடுங்கப் பாய்ந்தார். 2013 இல் வெளியான இந்த முடிவு விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. வெளியிலிருந்து வரும் பயத்துக்கு ஒரு பாதை. உடம்புக்குள்ளிருந்து மூச்சு முட்டி எழும் பயத்துக்கு வேறொரு பாதை. பயம் ஒரே அறையில் குடியிருக்கவில்லை.

அப்படியானால் அறைகளுக்கு இடையே நடக்கும் பேச்சைக் கேட்டால் என்ன? சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக வைத்தியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கடுமையான வலிப்பு நோயாளிகளுக்கு, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதற்காக மூளைக்குள்ளேயே மெல்லிய மின்வாய்களைச் சில நாட்களுக்கு வைத்திருப்பார்கள். அவ்வாறான 21 பேரிடம், அவர்கள் வைத்தியசாலையில் படுத்திருந்த நாட்களில், இடைக்கிடையே "இப்போது மனம் எப்படி?" என்று கேட்டுப் பதிந்து கொண்டார்கள். கணனி அதனை அலைகளோடு ஒப்பிட்டது. 13 பேரிடம் ஒரே பாங்கு கிடைத்தது. அந்தப் பாதாம் பருப்புக்கும், ஞாபகங்களைக் காக்கும் ஹிப்போகெம்பஸ் என்ற பகுதிக்கும் இடையே பீற்றா அலையில் ஓர் உரையாடல். அது நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும்போது மனம் சோர்கிறது. இந்த 13 பேரும் இயல்பிலேயே பதற்றம் கூடியவர்கள்; மற்ற 8 பேரும் குறைந்தவர்கள். 2018 இல் வெளியான ஆய்வு இது.

பயமும் ஞாபகமும் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக் கொண்டிருப்பதே அந்தச் சோர்வு! படித்தபோது ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் துஆ என் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் 'ஹம்', 'ஹஸன்' ஆகிய இரண்டிலிருந்தும் அடிக்கடி பாதுகாவல் தேடுவார்கள். ஹம் என்பது வரப்போவதை எண்ணிக் கலங்குவது, ஹஸன் என்பது நடந்து முடிந்ததை எண்ணி வருந்துவது என்று உலமாக்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞானம் இப்போதுதான் மார்க்கத்தைக் கண்டுபிடித்தது என்று முழக்கமிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

உடனுக்குடன் கண்டறிதல் என்பது உண்மையிலேயே நடந்தது லொஸ் ஏஞ்சல்ஸில். கொடிய அனுபவங்களின் பின் மனம் மீளாமல், எந்த மருந்துக்கும் குணமாகாதிருந்த இரண்டு ஆண்கள். மூளைக்குள் நிரந்தரமாக ஒரு சிறிய கருவியைப் பொருத்தினார்கள். துன்ப நினைவுகள் கிளறப்படும்போது அமிக்டலாவில் விநாடிக்கு 5 முதல் 9 வரை துடிக்கும் அலை பெருகுவதைக் கண்டார்கள். பின்னர் அந்த அலை எழும்போதெல்லாம் கருவி தானாகவே அறிந்து, சிறிய மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்து அதனை அடக்கியது. ஒரு வருடம் நடந்த பின் இருவருக்கும் நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. அந்த அலையும் தணிந்திருந்தது. 2023 இல் இதனை வெளியிட்டார்கள். இரண்டே பேரை வைத்து உலகத்துக்கு மருந்து எழுத முடியாது என்பதை அவர்களே அறிவார்கள். ஆனால் வருடக் கணக்காகத் தூக்கமிழந்த ஒருவருடைய வீட்டில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

நாடி பிடித்த இப்னு ஸீனா

"உள்ளங்களில் இருப்பதை அறிபவன் அல்லாஹ் மட்டுமல்லவா? இது ஈமானுக்கு மாற்றமில்லையா?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். இதில் பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல்மானி உடம்பின் சூட்டைச் சொல்வது போல இந்தக் கருவி ஒரு தடயத்தைச் சொல்கிறது. சூடு எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. உள்ளத்தின் நாட்டத்தையோ நிய்யத்தையோ அது அறியாது.

தடயம் பார்ப்பது நமது முன்னோருக்குப் புதிதுமன்று. கி.பி. 1037 இல் வபாத்தான இப்னு ஸீனா, காதல் நோயால் வாடி, யார் என்று சொல்ல மறுப்பவனின் நாடியைப் பிடித்துக் கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி 'அல்கானூன்' என்ற தமது மருத்துவ நூலில் எழுதுகிறார். குறித்த பெயர் வரும்போது நாடி குலுங்கும். பிறகு ஊர்களையும் தெருக்களையும் சொல்லிப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து விடலாம். அவருக்கும் முன், 934 இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்குமான பராமரிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். அச்சம், கோபம், துக்கம், வஸ்வாஸ் என்று உள்ளத்தின் நோய்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மருந்து சொன்னார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, ஆறுதலான எண்ணங்களைச் சுகமாக இருக்கும்போதே சேகரித்து வைத்துக் கொள்ளும்படி அவர் கூறுகிறார். இந்நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூலில் இருக்கிறது. உள்ளம் தொடர்பான பகுதியை சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மர்ஹூம் மாலிக் பத்ரீ 2013 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அந்த அறிஞர்கள் யாரும் பதறுபவனைப் பார்த்து "உனக்கு ஈமான் குறைவு" என்று சொல்லவில்லை. நாம்தான் சொல்கிறோம். சூனியக்காரர்களின் கயிறுகள் பாம்பாய் நெளிந்தபோது மூஸா (அலை) அவர்களின் மனதில் அச்சம் தோன்றியதை அல்குர்ஆன் மறைக்கவில்லை. மகனை ஆற்றில் விட்ட தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும் மறைக்கவில்லை.

இப்போது, முன்னால் சொல்லாமல் வைத்த காரணத்தைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஹிப்ழு ஓதிய ஒரு மாணவன். பெயர் வேண்டாம். ஹவ்ழுக்குப் பின்னால் கூட்டாளிகளோடு இருந்து அழகாக ஓதுவான். என் முன்னால் வந்து அமர்ந்தால் வாய் திறக்காது. "சோம்பல்" என்று முடிவு கட்டினேன். நிற்க வைத்தேன், மற்றவர்கள் முன்னிலையில் ஏசினேன். பிரம்பையும் எடுத்தேன். ஒரு நாள் சமையற்காரர்தான் சொன்னார்: "ஹஸ்ரத், அந்தப் பிள்ளை ஸுபஹுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாந்தி எடுக்குது." அன்று அவனுடைய கையைப் பிடித்துப் பார்த்தேன். ஐஸ் போல் குளிர்ந்திருந்தது. அதற்குப் பிறகு, அவன் கூட்டாளி ஒருவனோடு முற்றத்தில் நடந்து கொண்டே ஓத, நான் பின்னால் நடந்து கேட்டேன். ஓதினான். ஆனால் காலம் கடந்து விட்டிருந்தது. 11 ஜுஸ்உக்களோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

எந்தக் கருவியும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. கையைப் பிடித்திருந்தால் போதும்.

யார் கையில் இருக்கிறது?

ஆகவேதான் இந்தக் கருவி ஆசிரியர்களின் கைக்கு வருவதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, அச்சமும் உண்டு. 2019 இல் சீனாவின் ஜின்ஹுவா நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளின் நெற்றியில் மூளை அலைகளை அளக்கும் பட்டி கட்டப்பட்டது. கவனமாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு நிற விளக்கு, கவனம் சிதறிய பிள்ளைக்கு வேறு நிற விளக்கு. புள்ளிகள் ஆசிரியருக்குப் போயின. பெற்றோருக்கும் போயின. படம் வெளியானதும் நாடு முழுவதும் கண்டனம் எழுந்து, அதிகாரிகள் அதனை நிறுத்தி வைத்தார்கள். எனது பழைய பிரம்போடு அந்த விளக்கும் சேர்ந்திருந்தால் அந்த மாணவனின் கதி என்ன?

சிலி நாடு 2021 இல் தனது அரசியல் யாப்பையே திருத்தி, மூளையின் செயற்பாட்டுக்கும் அதிலிருந்து பெறப்படும் தகவல்களுக்கும் பாதுகாப்பு வழங்கியது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைப் பதிவுகளை அழித்து விடுமாறு கருவி விற்ற நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024 இல் இதற்கெனச் சட்டம் கொண்டு வந்தது.

நமக்கு இதில் மிகப் பழைய பாடம் இருக்கிறது. போர்க்களத்தில் ஒருவன் கலிமாச் சொன்ன பின்பும் உஸாமா (ரழி) அவர்கள் அவனைக் கொன்று விட்டார்கள். வாளுக்குப் பயந்துதான் சொன்னான் என்பது அவர்களுடைய நியாயம். அதாவது அவனுடைய உள்ளத்தில் இருந்தது பயம் என்று தாமே முடிவு செய்து விட்டார்கள். நபி (ஸல்) அவர்களோ, நீர் அவனுடைய உள்ளத்தைப் பிளந்தா பார்த்தீர் என்ற கருத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றுதான் இஸ்லாத்தைத் தழுவியிருக்கக் கூடாதா என்று உஸாமா (ரழி) ஏங்கும் அளவுக்கு. பிளந்து பார்க்காமலே பார்க்கும் கருவி வந்தாலும், அந்தக் கேள்வியின் கண்டிப்பு குறையாது என்பதே எனது கருத்து. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் ஏற்கனவே தடுத்திருக்கிறது. நோயாளி தானே கேட்டு, தன் வைத்தியரிடம் மட்டும் காட்டுவது வேறு. தொழில் கொடுப்பவனும் காப்புறுதிக்காரனும் மாப்பிள்ளை வீட்டாரும் எட்டிப் பார்ப்பது வேறு.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கலாம். பரீட்சைக் காலையில் வயிற்று வலி, கழிவறைக்கு ஓட்டம், இரவில் தூக்கமின்மை, விருந்தினர் வந்தால் அறைக்குள் ஒளிதல். இவை வாரக் கணக்கில் நீடித்தால் ஓதிப் பாருங்கள்; அதில் தடையில்லை. அதே நாளில் வைத்தியரிடமும் காட்டுங்கள். எண்ணங்களைச் சீர்படுத்தும் பேச்சு முறைச் சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் மருந்துக்கும் நன்றாகக் குணமாகும் நோய் இது. தகட்டுக்கும் தாயத்துக்கும் பல்லாயிரம் செலவழித்து விட்டுக் கடைசியில் வைத்தியசாலைக்கு வருபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கடந்த வருடம் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பழைய மாணவனைச் சந்தித்தேன். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். தனியே அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை ஹஸ்ரத்" என்று சிரித்தான். போனவன் திரும்பி வந்து, தன் மூத்த மகளும் பாடசாலைக்குப் புறப்படும் முன் வாந்தி எடுக்கிறாள், யாரிடம் காட்டுவது என்று கேட்டான். மாவட்ட வைத்தியசாலையில் உளநலப் பிரிவு எந்த நாட்களில் நடக்கிறது என்று விசாரித்துச் சொன்னேன். இரவில் அவசரமென்றால் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அவனுடைய தொலைபேசியில் பதிந்து கொடுத்தேன். "வைத்தியரிடம் போகும் வரை அவளிடம் ஒன்று கேள்" என்றேன். "எப்போது தொடங்கியது என்று கேள். கேட்டு விட்டு அவள் சொல்லி முடிக்கும் வரை ஒன்றும் பேசாதே."